பெண்களின் உறக்கக் கோளாறுகளும் பாலியல் நலமும்

உறக்கமும் பாலுணர்வும் மனித உடலின் அடிப்படைத் தேவைகளாக நெடுங்காலமாகப் பேசப்பட்டு வந்தாலும், மருத்துவ ஆய்வு அவ்விரண்டையும் தனித்தனிக் கூடங்களில் வைத்தே ஆராய்ந்து வந்திருக்கிறது. உறக்க ஆய்வகங்கள் மூளை அலைகளையும் மூச்சோட்டத்தையும் அளந்தன. பாலியல் மருத்துவமோ பெரும்பாலும் ஆண்களின் விறைப்புத்தன்மையைச் சுற்றியே வளர்ந்தது. இவ்விரண்டுக்கும் இடையில், இரவில் உறங்க முடியாத பெண்ணின் பாலியல் வாழ்வு என்னவாகிறது என்ற கேள்வி நீண்ட காலம் எவர் பொறுப்பிலும் இல்லாமல் கிடந்தது. உறக்கமின்மை ஆண்களைவிடப் பெண்களிடம் ஏறத்தாழ 1.4 மடங்கு மிகுதி என்பது 2006-இல் வெளியான தொகுப்பாய்வு ஒன்றில் நிறுவப்பட்ட செய்தி. பருவமடைந்த பிறகே தெளிவாகத் தலைகாட்டும் இவ்வேறுபாடு வயது ஏற ஏற விரிகிறது. ஆகவே இக்கேள்வி சிறுபான்மையினரைப் பற்றியதன்று.

பாலியல் நலம் என்பதை நோயோ குறைபாடோ இல்லாத நிலை என்று மட்டும் கொள்ளாமல், பாலியல்பு சார்ந்த உடல், உணர்வு, மனம், சமூகம் ஆகிய நான்கு தளங்களின் நல்வாழ்வாகவே உலகச் சுகாதார நிறுவனம் விளக்குகிறது. ஆய்வாளர்கள் இந்த விரிந்த கருத்தை எண்ணாக்க வேண்டியிருப்பதால், 2000-ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்ட பெண் பாலியல் செயல்பாட்டுக் குறியீடு என்ற 19 கேள்விகள் கொண்ட வினாப்பட்டியலைப் பெரும்பாலும் பயன்படுத்துகின்றனர். விருப்பம், கிளர்ச்சி, யோனியின் ஈரத்தன்மை, உச்சநிலை, நிறைவு, வலி ஆகிய ஆறு கூறுகளுக்கும் மதிப்பெண் அளிக்கும் இப்பட்டியலில் மொத்தம் 36-க்கு 26.55 அல்லது அதற்குக் குறைவாகப் பெறுபவர் பாலியல் செயல்பாட்டுக் குறைபாடு உடையவராக வகைப்படுத்தப்படுகிறார். உறக்கத்தின் பக்கம், 1989-இல் வெளியான பிட்ஸ்பர்க் உறக்கத்தரக் குறியீடு அதே பணியைச் செய்கிறது. கடந்த ஒரு மாதத்தின் உறக்கத்தைப் பற்றி வினவி 0 முதல் 21 வரை மதிப்பெண் தரும் அக்குறியீட்டில் 5-ஐத் தாண்டினால் உறக்கத்தின் தரம் குறைவு எனக் கொள்வது வழக்கம்.

இந்த அளவுகோல்களை அப்படியே நம்பிவிட முடியாது என்பதை முதலிலேயே சொல்லியாக வேண்டும். கடந்த நான்கு வாரங்களில் பாலுறவே நிகழாத பெண்ணுக்குப் பாலியல் குறியீட்டின் பல கேள்விகளில் பூச்சியம் விழுவதால், கணவர் வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஒருவர்கூட இக்கணக்கில் குறைபாடு உடையவராகிவிடக்கூடும். அமெரிக்காவில் 31,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் நடத்தி 2008-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், ஏதேனும் ஒரு பாலியல் சிக்கலைக் குறிப்பிட்டவர்கள் 43 விழுக்காட்டினர். ஆனால் அச்சிக்கலோடு மன உளைச்சலும் சேர்ந்திருந்தவர்கள் 12 விழுக்காட்டினரே. உளைச்சல் தராத விருப்பக் குறைவை நோயென்று அழைப்பது முறையாகாது என்பதாலேயே அமெரிக்க மனநல மருத்துவர் கழகத்தின் 2013-ஆம் ஆண்டு வகைப்பாடு, குறைபாடு ஏறத்தாழ ஆறு மாதமாவது நீடித்திருப்பதையும் அதனால் அப்பெண்ணுக்கு உளைச்சல் விளைந்திருப்பதையும் நிபந்தனைகளாக வைத்தது. வேலூரில் ஒரு மருத்துவப் புறநோயாளர் பிரிவுக்கு வந்த 149 பெண்களிடம் நடத்தி 2009-இல் வெளியிடப்பட்ட ஆய்வில் 73 விழுக்காட்டினர் குறைபாடு உடையவர்களாகக் கணிக்கப்பட்டதையும் இந்த எச்சரிக்கையோடுதான் படிக்க வேண்டும். ஆனால் அதே ஆய்வு தரும் இன்னொரு செய்திக்கு அத்தகைய எச்சரிக்கை தேவையில்லை: அப்பெண்களுள் ஒருவர்கூட இதற்காக மருத்துவ உதவி நாடியிருக்கவில்லை.

உறக்கத்தையும் பாலியல் நலத்தையும் இணைத்துப் பார்த்த பெரிய ஆய்வுகள் நடுவயதையும் முதுமையையும் எட்டிய பெண்களிடமிருந்தே வந்துள்ளன. அமெரிக்காவின் மகளிர் நல முனைவு என்ற நீண்டகாலத் திட்டத்தில் சேர்ந்த, 50 முதல் 79 வயது வரையிலான 93,668 பெண்களின் தரவுகளை ஆராய்ந்து 2017-இல் வெளிவந்த கட்டுரை, உறக்கமின்மை மிகுந்தவர்களிடம் பாலியல் நிறைவு குறைந்திருப்பதையும், ஏழு மணி நேரத்துக்கும் குறைவாக உறங்குவோர் துணையுடனான பாலுறவில் ஈடுபடும் வாய்ப்பும் குறைந்திருப்பதையும் காட்டியது. வயது, மனச்சோர்வு, நெடுநாள் நோய்கள் போன்றவற்றின் பங்கைக் கணக்கில் கழித்த பின்னும் தொடர்பு எஞ்சியது என்றாலும், எஞ்சிய தொடர்பின் அளவு சிறியதே. அதே ஆய்வுக்குழுவைச் சார்ந்தோர் மேயோ மருத்துவமனையின் மகளிர் நலப் பிரிவுகளுக்கு வந்த 3,433 பெண்களை ஆராய்ந்து 2021-இல் வெளியிட்ட கட்டுரை இன்னும் கூர்மையானது. உறக்கத்தின் தரம் குறைந்த பெண்களுக்குப் பாலியல் குறைபாடு இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ ஒன்றரை மடங்காக இருந்தது; ஆனால் ஐந்து மணி நேரத்துக்கும் குறைவாக உறங்குவதற்கும் பாலியல் குறைபாட்டுக்கும் முதலில் தென்பட்ட தொடர்பு, பிற காரணிகளைக் கழித்ததும் புள்ளியியல் நோக்கில் நிலைக்கவில்லை. எத்தனை மணி நேரம் படுக்கையில் கிடந்தார் என்பதைவிட, அந்நேரம் முறிவின்றிக் கழிந்ததா, விழித்தபோது உடல் தேறியிருந்ததா என்பதே பொருட்படுத்தத் தக்கது என்பதை இது உணர்த்துகிறது. நாளேடுகளின் நலப் பக்கங்கள் எட்டு மணி நேரக் கணக்கை விடாமல் ஓதிக்கொண்டிருப்பதை நோக்க, இம்முடிவுக்குக் கிடைத்த கவனம் மிகக் குறைவு.

மேற்கண்டவை இரண்டுமே ஒரு காலப்புள்ளியில் எல்லாவற்றையும் ஒருங்கே வினவும் குறுக்குவெட்டு ஆய்வுகளாதலால், எது காரணம், எது விளைவு என்பதை அவை சொல்ல மாட்டா. அந்த இடத்தை நிரப்ப முயன்றது, மிச்சிகன் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தோர் 2015-இல் வெளியிட்ட நாட்குறிப்பு ஆய்வு. 171 இளம்பெண்கள் தொடர்ந்து 14 நாள்கள், முந்தைய இரவின் உறக்கத்தையும் அந்நாளின் பாலுணர்வையும் பதிந்து வந்தனர். வழக்கத்தைவிட நீண்ட நேரம் உறங்கிய இரவுக்கு அடுத்த நாளில் விருப்பம் மிகுந்திருந்தது. ஒரு மணி நேரக் கூடுதல் உறக்கம் துணையுடன் பாலுறவு கொள்ளும் சாய்வை 14 விழுக்காடு உயர்த்தியது. இச்சாய்வு என்பது நிகழ்வதற்கும் நிகழாமைக்கும் உள்ள விகிதமேயன்றி நேரடி நிகழ்தகவன்று. செய்திகளில் இவ்வேறுபாடு பெரும்பாலும் தொலைந்துபோனது. சராசரியாக நீண்ட நேரம் உறங்கும் பெண்கள் பிறப்புறுப்புக் கிளர்ச்சியையும் மேம்பட்டதாகக் குறித்தனர். ஆயினும் ஒரு தனி இரவில் நீண்டு உறங்கியதற்கு மறுநாள் அக்கிளர்ச்சி சற்றுக் குறைந்தே காணப்பட்டது என்ற முரண்பட்ட முடிவும் அதே கட்டுரையில் உண்டு. போதுமான உறக்கம் விருப்பத்தைத் தூண்டுவதும், உறக்க இழப்பு உடலைத் தற்காலிகமாகக் கிளர்வுக்கு உள்ளாக்குவதும் வெவ்வேறு வழிகளில் நிகழலாம் என்று இதற்கு விளக்கம் கூறலாம். எவ்வாறாயினும், இருபது வயதையொட்டிய கல்லூரி மாணவியரிடம் கண்ட இம்முடிவை இரு குழந்தைகளின் தாய்க்கு அப்படியே பொருத்துவது துணிச்சலாகும்.

உறக்கம் பாலுணர்வைத் தொடும் வழிகளுள் ஒன்று உறக்கத்தின் உள்ளமைப்பிலேயே இருக்கிறது. ஏறத்தாழ 90 நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பும் சுழற்சிகளாக நிகழும் உறக்கத்தில், மூடிய இமைகளுக்குள் விழிகள் வேகமாக அசைய, கனவுகள் செறிவாகத் தோன்றும் நிலைக்கு விழி விரைவசைவு உறக்கம் என்று பெயர். 1953-இல் கண்டறியப்பட்ட இந்நிலையில் ஆண்களுக்கு விறைப்பு ஏற்படுவது பின்னர் விரிவாக ஆராயப்பட்டு நோயறிதலுக்கும் பயன்பட்டது. பெண்களிடமும் அதே நிலையில் யோனிச் சுவரின் குருதியோட்டம் அலையலையாக மிகுகிறது என்பதை 1970-களின் இறுதியிலும் 1980-களின் தொடக்கத்திலும் நடந்த அளவீடுகள் காட்டின. ஆனால் அவ்வாய்வுகள் ஒரு சிலரோடு நின்றுவிட்டன. ஆண்களைப் பற்றிய அறிவு மருத்துவமனைச் சோதனையாக வளர்ந்தபோது பெண்களைப் பற்றியது பழைய இதழ்களின் பக்கங்களிலேயே தங்கிவிட்டது. இரவுதோறும் நிகழும் இக்குருதியோட்டம் திசுக்களின் நலத்தைப் பேணுகிறது என்பது பொருத்தமான கருதுகோளே தவிர நிறுவப்பட்ட உண்மையாகாது.

இயக்குநீர்கள் என்னும் ஹார்மோன்களின் வழியைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் ஆண்களின் தரவையே பெண்களுக்கும் எடுத்துப் போர்த்துகின்றனர். உடல்நலமுள்ள 10 இளைஞர்களை எட்டு இரவுகள் ஐந்து மணி நேரம் மட்டுமே உறங்கவிட்டபோது அவர்களுடைய பகல்நேர டெஸ்டோஸ்டிரோன் 10 முதல் 15 விழுக்காடு குறைந்தது என்ற சிகாகோ ஆய்வு 2011-இல் வெளிவந்தது. பெண்களிடம் இந்த இயக்குநீர் சினைப்பைகளிலிருந்தும் சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பிகளிலிருந்தும் மிகக் குறைந்த அளவில் வருகிறது. அதன் குருதி அளவுக்கும் விருப்பத்துக்கும் உள்ள தொடர்பும் தளர்வானது. 1,000-க்கும் மேற்பட்ட ஆஸ்திரேலியப் பெண்களை ஆராய்ந்து 2005-இல் வெளியான கட்டுரையில், குறைந்த டெஸ்டோஸ்டிரோனைக் கொண்டு குறைந்த பாலியல் செயல்பாட்டைக் கணிக்க இயலவில்லை. ஆகவே உறக்கம் குறைந்தால் பெண்ணின் ஆண்மை இயக்குநீர் குறைந்து அதனால் விருப்பம் மங்குகிறது என்ற எளிய சங்கிலிக்கு வலுவான கண்ணிகள் இல்லை. அழுத்தத்தின்போது சுரக்கும் கார்ட்டிசாலின் பங்கு இதைவிட நம்பத்தக்கது. நாள்பட்ட உறக்கமின்மை உடையவர்களிடம் மாலையிலும் இரவின் முற்பகுதியிலும் அது உயர்ந்து நிற்பது பல ஆய்வுகளில் தென்பட்டுள்ளது.

இயக்குநீர்களைவிடவும் மூளையின் கவனமும் மனநிலையுமே முதன்மையான வழி என்று கருதுவதற்கு இடமுண்டு. 1966-இல் பாலியல் ஆய்வாளர்களான மாஸ்டர்ஸும் ஜான்சனும் வரைந்த பாலியல் துலங்கல் படம் கிளர்ச்சியில் தொடங்கி நேர்கோட்டில் உச்சத்தை நோக்கிச் சென்றது. கனடா நாட்டு மருத்துவர் ரோஸ்மேரி பாஸன் 2000-இல் முன்வைத்த மாற்று வடிவமோ வட்டமானது: நீண்டகால உறவிலுள்ள பல பெண்கள் விருப்பத்தோடு தொடங்குவதில்லை, நெருக்கத்தை நாடியோ துணையின் அழைப்பை ஏற்றோ தொடங்கி, தூண்டல்களைக் கவனித்து, கிளர்ச்சி எழுந்த பிறகே விருப்பத்தை உணர்கின்றனர். இவ்வடிவம் சரியென்றால் முழு வட்டமும் கவனத்தின் மீதே சுழல்கிறது. உறக்கம் குலைந்த மறுநாள் முதலில் குறைவதும் கவனமே. அதோடு உறக்க இழப்பு எரிச்சலையும் சச்சரவையும் கூட்டி, இன்பம் தருவனவற்றை நாடும் ஊக்கத்தைக் குறைக்கிறது. இன்னும் நுட்பமானது நாள்பட்ட உறக்கமின்மையின் தன்மை. அது வெறும் களைப்பன்று. உடலும் மனமும் தணிய மறுத்து எந்நேரமும் விழிப்பு மிகுந்திருக்கும் நிலை. இவ்விழிப்பு பாலுணர்வுக் கிளர்ச்சிக்கு உதவுவதில்லை, மாறாகத் தன்னையே கண்காணிக்கும் கவலையாகத் திரும்புகிறது. உறக்கம் வருமா என்று காத்திருப்பதும் உச்சம் வருமா என்று காத்திருப்பதும் ஒரே விதத்தில் தோற்கின்றன: இரண்டும் முயற்சியால் வருபவை அல்ல, முயல முயல விலகுபவை.

உறக்கத்தின்போது தொண்டைப் பாதை மீண்டும் மீண்டும் அடைபட்டு மூச்சு நிற்பதும், குருதியில் உயிர்வளி குறைந்து மூளை விழிப்பதுமாகத் தொடரும் உறக்க மூச்சுத்தடை, பெண்களிடம் கண்டறியப்படாமலே போவது மிகுதி. உரத்த குறட்டை விடும் பருத்த ஆண் என்ற சித்திரமே மருத்துவர் மனத்தில் பதிந்திருக்க, பெண்களோ களைப்பு, தலைவலி, உறக்கம் கலைதல், மனச்சோர்வு என்று வேறு முறையீடுகளோடு வருகின்றனர். குறட்டை விடுவதாக ஒப்புக்கொள்ள நாணுவோரும் உண்டு. சினைப்பை நீர்க்கட்டி நோய் உடைய இளம்பெண்களிடம் இத்தடை பிற பெண்களைவிடப் பல மடங்கு மிகுந்திருப்பதும், மாதவிடாய் நின்ற பின் எல்லாப் பெண்களிடமும் அது உயர்வதும் அறியப்பட்டவை. மூச்சுத்தடை உடைய பெண்களிடம் விருப்பம், கிளர்ச்சி, நிறைவு ஆகியன குறைந்திருப்பதைப் பல நாடுகளின் சிற்றாய்வுகள் காட்டியுள்ளன. முகமூடியின் வழியே காற்றழுத்தம் செலுத்தி மூச்சுப்பாதையைத் திறந்துவைக்கும் சிபாப் கருவியை இரவில் நான்கு மணி நேரத்துக்கு மேல் பயன்படுத்தியோரையும் பயன்படுத்தாதோரையும் ஓராண்டு பின்தொடர்ந்து 2018-இல் வெளியான 182 பேரின் ஆய்வில், பயன்படுத்தியோரின் பாலியல் வாழ்க்கைத் தரம் மேம்பட்டது. பிரித்துப் பார்த்தபோது அம்மேம்பாடு பெண்களிடம் பெரிதாகவும் ஆண்களிடம் தெளிவற்றும் இருந்தது. கருவியை ஏற்றுக்கொண்டவரையும் கைவிட்டவரையும் ஒப்பிட்ட ஆய்வு என்பதால், விடாது பயன்படுத்தும் இயல்புடையவர்கள் பிறவற்றிலும் தம்மைப் பேணுபவர்களாக இருந்திருக்கலாம் என்ற ஐயம் எஞ்சுகிறது. எனினும் முகமூடி அணிந்து படுப்பது காமத்தைக் கெடுக்கும் என்ற பரவலான அச்சத்துக்கு இது தக்க மறுமொழி.

இவ்விரு சிக்கல்களும் மிக நெருக்கமாகப் பின்னிக்கொள்ளும் பருவம் மாதவிடாய் நிறைவையொட்டிய ஆண்டுகள். மேலை நாடுகளில் சராசரியாக 51 வயதிலும், இந்தியாவில் அதைவிட முன்னதாக 46, 47 வயதிலும் மாதவிடாய் நிற்கிறது. கருப்பை அகற்றும்போது சினைப்பைகளையும் சேர்த்து எடுத்துவிட்டால் இம்மாற்றம் படிப்படியாக வராமல் ஒரே நாளில் இறங்குகிறது. ஈஸ்ட்ரோஜன் குறைவதால் மூளையின் வெப்பச் சீராக்கம் குலைந்து, திடீரென உடல் தகித்து வியர்க்கும் வெப்ப அலைகள் இரவில் உறக்கத்தை முறிக்கின்றன. அதே குறைவால் யோனித் திசு மெலிந்து வறண்டு, புணர்ச்சியின்போது வலியும், சிறுநீர்ப்பை எரிச்சலும் அடிக்கடி எழுந்து சிறுநீர் கழிக்கும் தேவையும் உண்டாகின்றன. ஆக ஒரே வேரிலிருந்து இரண்டு சிக்கல்களும் முளைக்கின்றன. இங்கே உறக்கமின்மையே பாலியல் சிக்கலுக்குக் காரணம் என்று சொல்வது பாதி உண்மை. ஆனால் அந்தப் பாதியைக் கவனியாமல் விடுவதும் பிழைதான். யோனிக்குள் இடும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் வறட்சியையும் வலியையும் தணிக்கும், இரவு வியர்வையை அது தணிக்காது. வலி நீங்கியும் விருப்பம் திரும்பாத பெண்ணிடம் மருத்துவர் கேட்கவேண்டிய அடுத்த கேள்வி அவருடைய இரவுகளைப் பற்றியது. புணர்ச்சியில் வலி வரும் என்ற அச்சமே படுக்கையறையை அஞ்சும் இடமாக்கி உறக்கத்தைத் தள்ளிப்போடுவதும் உண்டு.

மகப்பேற்றுக்குப் பிந்தைய மாதங்களில் நிலை வேறு. பாலூட்டும்போது உயரும் புரோலாக்டின் சினைப்பைகளின் இயக்கத்தை அடக்குவதால் ஈஸ்ட்ரோஜன் தாழ்ந்து வறட்சி ஏற்படுகிறது. அதன் மேல் துண்டுதுண்டான உறக்கமும் தையல் இட்ட இடத்தின் வலியும் சேர்கின்றன. இது இயல்பான இடைக்காலம். நோய்ப்பெயர் சூட்டத் தேவையில்லை, மகப்பேற்று மனச்சோர்வு உள்ளதா என்பதை மட்டும் விழிப்போடு பார்க்க வேண்டும்.

பணியும் வீடும் உறக்கத்தைப் பங்கிடும் முறையை மருத்துவ இதழ்கள் போதிய அளவு பேசுவதில்லை. சுழல் முறையில் இரவுப் பணி செய்யும் செவிலியரிடம் மாதவிடாய்ச் சுழற்சி ஒழுங்கற்றுப்போகும் வாய்ப்பு மிகுதி என்பது அமெரிக்கச் செவிலியர் ஆய்வில் 2011-இல் பதிவாயிற்று. மருத்துவமனைகள், நூற்பாலைகள், அழைப்பு மையங்கள் என்று இரவுப் பணியில் பெண்கள் பெருகியுள்ள சூழலில், கணவர் பகலிலும் மனைவி இரவிலும் பணி செய்யும் வீடுகளில் இருவரும் ஒரே நேரத்தில் விழித்திருப்பதே அரிது. பணிக்குச் செல்லாத பெண்ணின் உறக்கமும் அவருடைய விருப்பப்படி அமைவதில்லை. இந்திய அரசின் 2024-ஆம் ஆண்டு நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, ஊதியமில்லா வீட்டுப் பணியில் ஈடுபடும் பெண்கள் நாளொன்றுக்கு அதில் 289 நிமிடங்கள் செலவிடுகின்றனர். அதில் ஈடுபடும் ஆண்கள் செலவிடுவது 88 நிமிடங்கள். வீட்டில் கடைசியாகப் படுத்து முதலில் எழுபவரிடம் விருப்பக் குறைவு தென்படும்போது, அதை அவருடைய உடலுக்குள் மட்டும் தேடுவது ஆய்வுமுறைப் பிழையாகும்.

மருந்துகள் இவ்விரு களங்களிலும் ஒரே நேரத்தில் குறுக்கிடுகின்றன. மனச்சோர்வுக்கு மிகுதியாகத் தரப்படும் செரட்டோனின் சார்ந்த மருந்துகள் விருப்பத்தையும் உச்சத்தையும் மழுங்கச் செய்வதோடு சிலருக்கு உறக்கத்தையும் கலைக்கின்றன. மறுபுறம் மனச்சோர்வு தானே உறக்கத்தையும் பாலுணர்வையும் கெடுப்பது என்பதால், மருந்தின் விளைவையும் நோயின் விளைவையும் பிரித்தறிய மருந்து தொடங்குமுன் இரண்டையும் கேட்டு எழுதி வைத்திருக்க வேண்டும். சோல்பிடெம் என்ற உறக்க மாத்திரை பெண்களின் உடலிலிருந்து மெதுவாகவே வெளியேறி மறுநாள் காலையிலும் மந்தத்தை நீட்டிப்பதால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013-இல் பெண்களுக்கான பரிந்துரை அளவை 10 மில்லிகிராமிலிருந்து 5 மில்லிகிராமாகக் குறைத்தது. மருந்து சந்தைக்கு வந்து இருபது ஆண்டுகள் கழித்துத்தான் இது நடந்தது. விருப்பக் குறைவுக்காக 2015-இல் அதே அமைப்பு ஏற்பளித்த ஃபிளிபான்செரின் என்ற மருந்து மயக்கமும் தாழ் குருதியழுத்தமும் உண்டாக்குவதால் படுக்கும் நேரத்தில் மட்டுமே உட்கொள்ள வேண்டியதாயிற்று. அதன் சராசரிப் பயன் மிகச் சிறியது.

எதிர்த்திசையில், பாலுறவு உறக்கத்துக்கு உதவுகிறதா என்ற கேள்விக்கு மக்கள் கருத்தும் கருவியின் அளவீடும் ஒத்துப்போகவில்லை. ஆஸ்திரேலியாவில் 778 பேரிடம் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வில், உச்சநிலை எய்திய பின் நன்றாக உறங்குவதாகவே பெண்களும் ஆண்களும் கூறினர். 1985-இல் ஐந்து ஆண்களையும் ஐந்து பெண்களையும் ஆய்வகத்தில் வைத்து மூளை அலைகளை அளந்தபோதோ, தன்னின்பத்தின் வழி எய்திய உச்சத்துக்குப் பின் உறக்கத்தில் மாற்றம் ஏதும் தென்படவில்லை. மின்முனைகள் ஒட்டிய தலையோடு அந்நிய அறையில் தனித்திருப்பதும் வீட்டில் விரும்பிய துணையோடு இருப்பதும் ஒன்றல்ல என்பதால், இரண்டு முடிவுகளும் தத்தம் எல்லைக்குள் உண்மையாக இருக்கலாம். விரும்பாத புணர்ச்சிக்கு இது பொருந்தாது. பாலியல் வன்முறைக்கு உள்ளானவர்களிடம் கொடுங்கனவுகளும் உறக்கமின்மையும் ஆண்டுக்கணக்கில் நீடிப்பது நன்கு அறியப்பட்டது. திருமண உறவுக்குள் நிகழும் வற்புறுத்தலும் இதற்கு விலக்கன்று. இரவு உறங்காமல் வரும் பெண்ணிடம் இதைக் கேட்காமல் மாத்திரை எழுதிக் கொடுப்பது நோயை உறைக்குள் போட்டு மூடுவதாகும்.

நாள்பட்ட உறக்கமின்மைக்கு முதல் மருத்துவமாக அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2016-இல் பரிந்துரைத்தது மாத்திரையை அல்ல. உறக்கம் பற்றிய தவறான எண்ணங்களையும் பழக்கங்களையும் ஆறு முதல் எட்டு வாரங்களில் திருத்தும் அறிதல்–நடத்தை மருத்துவத்தையே அது முன்வைத்தது. வெப்ப அலைகளால் உறக்கம் கெட்ட நடுவயதுப் பெண்கள் 106 பேரிடம் தொலைபேசி வழியாகவே இதை அளித்து அதே ஆண்டில் வெளியான சோதனை, வெப்ப அலைகள் குறையாதபோதும் உறக்கமின்மை தணிவதைக் காட்டியது. பாலியல் குறைபாட்டுக்கான மருந்துகளின் பயன் சிறிதாகவும் பக்கவிளைவு பெரிதாகவும் உள்ள இன்றைய நிலையில், இரண்டு சிக்கல்களும் சேர்ந்து வரும் பெண்ணுக்கு உறக்கத்தை முதலில் சீர்செய்வதே அறிவுடைய வரிசை. உறக்கத்துக்குச் சோதிக்கப்பட்ட மருத்துவம் உண்டு, தீங்கும் குறைவு. ஆனால் 1972-இல் உளவியலாளர் ரிச்சர்ட் பூட்ஸின் வகுத்த, இம்மருத்துவத்தின் ஒரு முதன்மை விதி, படுக்கையை உறக்கத்துக்கும் பாலுறவுக்கும் மட்டுமே பயன்படுத்தவும், உறக்கம் வராவிட்டால் எழுந்து வேறு அறைக்குச் செல்லவும் சொல்கிறது. ஒரே அறையில் பாய் விரித்துப் பிள்ளைகளோடும் மாமியாரோடும் உறங்கும் குடும்பத்தில் செல்வதற்கு வேறு அறை இல்லை, பாலுறவுக்குத் தனிமையும் இல்லை. அத்தகைய வீட்டுப் பெண்ணுக்கு இவ்விதியை மாற்றி எழுத வேண்டியிருக்கும்: பாயை உறங்கும் நேரத்தில் மட்டும் விரிப்பது, உறக்கம் வராதபோது வாசற்படியிலோ அடுக்களையிலோ சற்று அமர்ந்து திரும்புவது, எல்லோரும் உறங்கும்வரை காத்திருக்கும் பின்னிரவை விடுத்துப் பிள்ளைகள் பள்ளிக்குச் சென்ற பகற்பொழுதை இணையர் தமக்கென ஒதுக்கிக்கொள்வது.